ஸ்பீக்கருக்கும் ஓர் ஆசனம்: நானூறு ரூபாய்க்குள் நாமே செய்யலாம்!

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



வீட்டில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்றால் நாம் முதலில் யாரைத் திட்டுகிறோம்? ஸ்பீக்கரை. அடுத்து ஆம்ப்ளிஃபயரை. அதற்கும் அடுத்து, கேட்கிறவரின் காதை! ஆனால் அந்த ஸ்பீக்கர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நிமிர்ந்து என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். எங்கள் தெருவில் நான் பார்த்த வீடுகளில் எல்லாம் ஸ்பீக்கருக்கு இரண்டே இடம்தான். ஒன்று பீரோவின் தலை, இன்னொன்று பரண். பிள்ளைகள் கை படக்கூடாது, கீழே இடத்தை அடைக்கக்கூடாது என்பது காரணம். காரணம் நியாயமானதுதான். ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

அந்தக் கணக்கையும், அதற்கு மாற்றாக ஒரு ஜோடி ஸ்டாண்டு செய்யும் முறையையும் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன். இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. முதலாண்டுப் பட்டறையும், இன்ஜினியரிங் மெக்கானிக்ஸில் படித்த புவியீர்ப்பு மையமும் போதும்.

ஸ்பீக்கர் குள்ளமான கதை

இன்று நாம் பயன்படுத்தும் கூம்பு வடிவ ஸ்பீக்கருக்கு வழி காட்டியவர்கள் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலாக் என்ற இரண்டு அமெரிக்கப் பொறியாளர்கள். ஆண்டு 1925. காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச் சுருள், அதில் ஒட்டிய காகிதக் கூம்பு. மின்சாரம் ஏறி இறங்க, கூம்பு முன்னும் பின்னும் ஆடும், காற்று அதிரும். இன்றுவரை அடிப்படை இதுதான்.

அந்தக் காலத்தில் நல்ல பேஸ் ஒலி வேண்டுமானால் பெட்டி பெரியதாக இருக்க வேண்டும். தரையில் நின்றாலே அதன் வாய் ஆள் உட்காரும் உயரத்துக்கு வந்துவிடும். 1954-ல் எட்கர் வில்ச்சர் என்பவர் காற்றுப் புகாமல் மூடிய சிறிய பெட்டியிலேயே ஆழமான பேஸ் ஒலியை வரவழைத்துக் காட்டினார். அதற்குப் பிறகுதான் பெட்டிகள் சிறுத்தன. புத்தக அலமாரியில் வைக்கலாம் என்பதால் 'புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்' என்றே பெயரும் வந்தது. பெட்டி குள்ளமானது நல்லதுதான். ஆனால் அதன் வாய் நம் காதுக்கு நேரே வரும் வசதி போய்விட்டது. அந்த உயரத்தைத் திருப்பிக் கொடுக்கும் வேலைதான் ஸ்டாண்டின் வேலை.

மேலே வைத்தால் என்ன கெடுகிறது?

காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 100 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியின் அலை மூன்றரை மீட்டர் நீளம். நம் அறையே அவ்வளவுதான். ஆகவே அது மூலை முடுக்கெல்லாம் பரவிவிடும். ஆனால் 3000 ஹெர்ட்ஸ் அலை பதினொன்றரை செ.மீ. தான். 10000 ஹெர்ட்ஸ் அலையோ மூன்றரை செ.மீ. மட்டுமே. இந்தச் சின்ன அலைகள் டார்ச் வெளிச்சம் மாதிரி. ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே அதிகம் போகும். பீரோ மேலிருந்து நேரே பார்க்கும் ஸ்பீக்கர், எதிர்ச் சுவரின் மேல்பாதிக்குத்தான் பாடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது சங்கதி இன்னும் நுட்பமானது. சாதாரணப் பெட்டியில் இரண்டு ஸ்பீக்கர்கள் இருக்கும். மேலே சின்ன ட்வீட்டர், கீழே பெரிய வூஃபர். கீச்சு ஒலியை ட்வீட்டரும் கனத்த ஒலியை வூஃபரும் பாடும். இடையில் ஒரு பகுதியை இரண்டும் சேர்ந்தே பாடும். நேரே எதிரில் உட்கார்ந்தால் இரண்டின் ஒலியும் ஒரே நேரத்தில் வந்து சேரும். கீழே உட்கார்ந்து மேலே இருக்கும் பெட்டியைக் கேட்டால் வூஃபர் கிட்டேயும், ட்வீட்டர் தள்ளியும் ஆகிவிடும்.

எங்கள் வீட்டு அளவையே போடுகிறேன். பீரோ மேலே இருந்தபோது பெட்டியின் ட்வீட்டர் தரையிலிருந்து 2.2 மீட்டர். தரையில் உட்கார்ந்தவரின் காது சுமார் 0.7 மீட்டர். உயர வித்தியாசம் 1.5 மீட்டர், இடைவெளி 3 மீட்டர். அதாவது சாய்வு சுமார் 26 டிகிரி. ட்வீட்டருக்கும் வூஃபருக்கும் மையத்துக்கு மையம் 14 செ.மீ. இந்தச் சாய்வில் இரண்டின் பாதை வித்தியாசம் சுமார் 6.3 செ.மீ. இது பாதி அலைநீளம் ஆகும் அதிர்வெண் எது? சுமார் 2700 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒலி மெலியும். எல்லாப் பெட்டியிலும் இதே எண் வராது. உள்ளே இருக்கும் கிராஸ்ஓவரைப் பொறுத்து மாறும். ஆனால் பள்ளம் விழுவது இந்த வட்டாரத்தில்தான்.

மூன்றாவது, மூலை. ஸ்பீக்கர் சுவரை ஒட்டி இருந்தால் பேஸ் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி, நேரே வரும் ஒலியோடு சேர்ந்து வலுக்கும். மேலே கூரை, பின்னே சுவர், பக்கத்தில் இன்னொரு சுவர் என்று மூன்றும் சேர்ந்தால் 'தொம் தொம்' என்று அறையே அதிரும். பீரோவின் தகரக் கதவும் கூடவே 'கிர்ர்' என்று பாடும். அது மட்டுமல்ல, பலமான பேஸ் ஒலி மெல்லிய கீச்சு ஒலியை மூடி மறைக்கும் குணம் உடையது. இது காதின் இயல்பு.

உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை!

'கட்டு', 'தட்டு', 'பட்டு' என்று மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மெய்யைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றேதான். உயிர் ஒலிக்கு வலு அதிகம், அதிர்வெண் தாழ்வு, தூரத்திலிருந்தும் கேட்கும். வல்லின மெய்யோ ஒரு கணம் வெடித்து மறையும் மெல்லிய ஒலி. 'க'வா 'த'வா 'ப'வா என்று காது பிரித்து அறிவதற்கு 2000 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் உள்ள பகுதி மிக முக்கியம். பழைய டெலிபோனில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் அனுப்பினார்கள். பேச்சு புரிய அது போதும் என்பதால்தான். சரியாக அந்த வரம்புக்குள்தான் நம் பீரோ பள்ளம் தோண்டுகிறது.

இப்போது வயதானவர்களை நினைத்துப் பாருங்கள். வயது ஏற ஏறக் காது முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண்ணைத்தான். மிச்சம் இருப்பதையும் நாம் கூரைப் பக்கம் அனுப்பிவிட்டால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்? இரைச்சல் மட்டும்தான்.

எங்கள் வீட்டில் அப்பத்தாவுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. காலையில் வானொலிச் செய்தி கேட்பது அவர் வழக்கம். அப்பா பழைய சாமான் கடையில் ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கி வந்து பீரோ மேலே வைத்தார். அதிலிருந்து அப்பத்தா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "என்னய்யா சொல்றான்?" என்று கேட்க ஆரம்பித்தார். சத்தத்தைக் கூட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். "உனக்குக் காது போச்சு ஆத்தா" என்று அப்பா சொல்லிவிட்டார். கொஞ்ச நாளில் அப்பத்தா கேட்பதையே நிறுத்திவிட்டார். செய்தி நேரத்தில் எழுந்து வாசல் திண்ணைக்குப் போய்விடுவார். "எனக்கு எதுக்குய்யா, நீங்க கேளுங்க" என்பார்.

தூரம்தான் காரணமோ என்று முதலில் பார்த்தேன். பீரோ மேலிருந்து அவர் காதுக்குச் சாய்வாக 3.35 மீட்டர். எதிரே நேராக வைத்தால் 3 மீட்டர். வித்தியாசம் ஒரே ஒரு டெசிபல்தான். அது காதுக்குத் தெரியவே தெரியாது என்றுகூடச் சொல்லலாம். ஆக, குறைந்தது சத்தம் அல்ல, சொல். வால்யூமைக் கூட்டினால் 'தொம் தொம்'மும் சேர்ந்தே கூடும். பள்ளம் பள்ளமாகவே இருக்கும். அதனால்தான் இடத்தை மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன்.

யார் காது அளவு?

வெளிநாட்டுப் புத்தகங்களில் ஸ்டாண்டின் உயரம் பெரும்பாலும் 24 அங்குலம், அதாவது 61 செ.மீ. என்று போட்டிருக்கும். அது சோபாவில் உட்காருகிறவர்களுக்கான கணக்கு. நாம் பாயிலும் உட்காருவோம், பிளாஸ்டிக் நாற்காலியிலும் உட்காருவோம். ஆகவே எண்ணைக் காப்பி அடிக்காமல் காதை அளக்க வேண்டும்.

சுவரில் சாய்ந்து தரையில் உட்காரும் அப்பத்தாவின் காது 66 செ.மீ. நாற்காலியில் உட்காரும் அப்பாவின் காது 110 செ.மீ. யாருக்கு வைப்பது? இரண்டுக்கும் நடுவில் வைத்தால் இருவருக்குமே அரைகுறை. நான் அப்பத்தாவின் அளவை எடுத்தேன். ட்வீட்டர் 66 செ.மீ. உயரத்தில் இருந்தால், 3 மீட்டர் தள்ளி நாற்காலியில் இருக்கும் அப்பாவுக்குச் சாய்வு 8 டிகிரிதான். அந்தச் சாய்வில் பாதை வித்தியாசம் 2 செ.மீ. பள்ளம் 8000 ஹெர்ட்ஸுக்கும் மேலே போய்விடும். அங்கே வூஃபர் கிட்டத்தட்டப் பாடுவதே இல்லை. அடித்துக்கொள்ள ஆள் இல்லை! நல்ல காது உள்ளவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, மந்தக் காதுக்காரருக்கு லாபம் முழுசு. வீட்டில் யாருக்குக் காது மந்தமோ அவர் காதுதான் அளவு. இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் பெட்டி 30 செ.மீ. உயரம், 4 கிலோ எடை. ட்வீட்டர் பெட்டியின் அடியிலிருந்து 22 செ.மீ. 66-ல் 22 போனால் 44. ஆகவே ஸ்டாண்டின் உயரம் 44 செ.மீ. நீங்களும் இப்படியே கழித்துக்கொள்ளுங்கள்.

தேவையான பொருட்கள் (ஒரு ஜோடிக்கு)

1. நாலு இஞ்ச் பிவிசி பைப், மூன்றடித் துண்டு. கட்டடம் நடக்கும் இடத்தில் பிளம்பர் அண்ணனிடம் கேட்டால் வெட்டுத் துண்டு சும்மாவே கிடைக்கும்.
2. 18 மி.மீ. பிளைவுட்: 30-க்கு 30 செ.மீ. இரண்டு, 20-க்கு 20 செ.மீ. இரண்டு. தச்சுப் பட்டறைக் கழிவுத் துண்டு, ரூ. 200.
3. 10 மி.மீ. மரை போட்ட ராடு ஒரு மீட்டர், ரூ. 90. இதில் வேண்டிய நீளத்துக்குத் துண்டுகள் இரண்டு எடுக்கலாம்.
4. நட்டு, வாஷர் நான்கு செட், ரூ. 40.
5. எம்-சீல், ரூ. 30.
6. எமரி தாள், சின்ன ஆணி, ரூ. 20.
7. காய்ந்த மணல் சுமார் 10 கிலோ. ஆற்று மணலைத் தேடி அலைய வேண்டாம், எம்-சாண்ட் போதும்.
8. அறுந்த ஹவாய் செருப்பு இரண்டு ஜோடி.

மொத்தம் ரூ. 380. இது எங்கள் பகுதியில் நான் கொடுத்த விலை. உங்கள் ஊரில் முன்னே பின்னே இருக்கலாம்.

செய்முறை

1. பைப்பை நேராக வெட்டுவதுதான் முதல் சோதனை. செய்தித்தாளை நான்காக மடித்து, ஓரம் ஓரத்தோடு சேரும்படி பைப்பைச் சுற்றுங்கள். அந்த ஓரத்தை ஒட்டிப் பென்சில் கோடு போட்டால் வட்டம் நேராக வரும். ஹேக்சாவால் ஒரே பக்கமாக அறுக்காமல் பைப்பை உருட்டி உருட்டி அறுக்க வேண்டும். நீளம் 38 செ.மீ. பிசிறை அரத்தால் தேய்த்துவிட்டு, தரையில் நிறுத்தி மூலைமட்டம் வைத்துச் சரி பாருங்கள்.

2. பலகையில் மூலைக்கு மூலை கோடு போட்டால் மையம் கிடைக்கும். அங்கே 11 மி.மீ. துளை. பெரிய பலகையின் அடியிலும், சிறிய பலகையின் மேலும், துளையைச் சுற்றி 30 மி.மீ. அகலம் 10 மி.மீ. ஆழத்துக்கு உளியால் குழி எடுக்க வேண்டும். நட்டு வெளியே துருத்தாமல் இந்தக் குழிக்குள் அடங்கும்.

3. பைப்பின் உள்வட்டத்தைப் பலகையில் வரைந்து, வட்டத்துக்குள் மூன்று சின்ன மரக்கட்டைகளை ஆணி அடித்து வையுங்கள். பைப் நகராமல் இவை பிடித்துக்கொள்ளும்.

4. ராடை அடிப்பலகையில் கோத்து, கீழே வாஷரும் நட்டும் போடுங்கள். பைப்பின் அடி விளிம்பை எமரி தாளால் சொரசொரப்பாக்கி, எம்-சீல் வைத்துப் பலகையில் நிறுத்துங்கள். ஒரு நாள் தொடக்கூடாது.

5. மணலைச் சலித்து இரண்டு நாள் வெயிலில் காய வைத்திருக்க வேண்டும். ஈர மணல் ராடைத் துருப்பிடிக்க வைக்கும், பலகையையும் ஊற வைக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, பைப்பைத் தட்டித் தட்டி விளிம்பு வரை நிரப்புங்கள். ஒரு பைப்புக்குச் சுமார் 5 கிலோ பிடிக்கும்.

6. மேல்பலகையைப் பொருத்தி, பாக்ஸ் ஸ்பானரால் நட்டை இறுக்குங்கள். பைப் வளையும் அளவுக்கு இறுக்க வேண்டாம்.

7. செருப்பு ரப்பரில் 4 செ.மீ. சதுரமாக எட்டுத் துண்டு வெட்டி, அடியில் நான்கு, மேலே நான்கு ஒட்டுங்கள். ரப்பர், பலகை, பைப் எல்லாம் சேர்த்தால் 44 செ.மீ. சரியாக வரும். வீட்டில் மீந்த பெயிண்ட் இருந்தால் ஒரு கை பூசினால் அழகு.

மணல் எதற்கு? வெறும் பைப்பை விரலால் சுண்டினால் 'டங்' என்னும். மணல் போட்டபின் சுண்டினால் 'தொப்' என்னும். அதிர்வு மணல் துகள்களின் உராய்வில் வெப்பமாகக் கரைந்துபோகிறது. அதற்காக, கனமான ஸ்டாண்டு ஏதோ மந்திரம் செய்யும் என்று நம்ப வேண்டாம். ஆடும் கூம்பு சில கிராம். பெட்டியோ 4 கிலோ. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி பெட்டி பின்வாங்குவது மிகச் சொற்பம். ஸ்டாண்டின் முதல் பலன் உயரமும் இடமும்தான். மணலின் பெரிய பலன் வேறொன்று. அதை அடுத்துப் பார்ப்போம்.

சாயுமா, சாயாதா?

பிள்ளைகள் ஓடும் வீடு. பெட்டி யார் மேலாவது விழுந்தால் பாட்டு எதற்கு? ஆகவே கணக்கைப் பார்த்துவிட வேண்டும். ஸ்டாண்டின் காலடி மையத்திலிருந்து 13 செ.மீ. தள்ளி இருக்கிறது. மணல் இல்லாமல் பெட்டியோடு மொத்த எடை 6 கிலோ. புவியீர்ப்பு மையம் 45 செ.மீ. உயரத்தில். மணலோடு 11 கிலோ. மையம் சுமார் 35 செ.மீ.க்கு இறங்கிவிடும். பெட்டியின் உச்சியில், அதாவது 74 செ.மீ. உயரத்தில், பக்கவாட்டில் தள்ளினால் மணல் இல்லாத ஸ்டாண்டு ஒரு கிலோ விசைக்கே கவிழும். மணல் போட்டது ஏறக்குறைய இரண்டு கிலோ தாங்கும்.

இந்தக் கணக்கை நோட்டில் போட்டு அப்பாவிடம் காட்டினேன். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். படத்தைப் பார்த்தார், எண்ணைப் பார்க்கவில்லை. "அடி அகலமா இருக்கணும், கனம் கீழே இருக்கணும், அவ்வளவுதானடா? அட்டி போடுறப்ப பெரிய மூட்டையை மேலேயா வைப்போம்?" என்றார். நாங்கள் ஒரு செமஸ்டர் படித்ததை அவர் இருபது வருஷமாகத் தோளில் தூக்கிக்கொண்டிருக்கிறார். "ரெண்டு கிலோ பத்தாதுடா, பக்கத்து வீட்டு வாண்டு புடிச்சு இழுத்தா?" என்று அவர்தான் அடுத்த கேள்வியும் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் எங்கள் ஸ்டாண்டின் அடிப்பலகையை 40 செ.மீ. ஆக மாற்றினோம். காலடி 18 செ.மீ.க்குத் தள்ளிப் போனதும், தாங்கும் விசை மூன்று கிலோவை நெருங்கியது. பலகை இருபது ரூபாய் கூடியது. ஆக மொத்தம் சரியாக நானூறு. கூடவே பெட்டியின் பின்புறம் ஒரு கொக்கி மாட்டி, சுவர் ஆணியில் நைலான் கயிறு கட்டினோம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தக் கயிறு கட்டாயம்.

மூன்று கால் வைத்தால் மேடு பள்ளத் தரையில் ஆடாதே என்று சிலர் கேட்கலாம். ஆடாது, உண்மைதான். ஆனால் இரண்டு காலுக்கு நடுவே சாயும் விளிம்பு மையத்துக்குக் கிட்டே வந்துவிடும். நான்கு காலும் மெத்தென்ற ரப்பரும் இருந்தால் ஆட்டமும் இல்லை, சாய்வும் இல்லை.

இதற்கும் வசதியில்லை என்றால் இன்னும் மலிவான வழி உண்டு. 40 செ.மீ. நீளமுள்ள ஹாலோ பிளாக் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பலகையும் ரப்பரும் வைத்தால் உயரம் ஏறக்குறைய சரியாக வந்துவிடும். கனத்துக்குக் குறைவில்லை. ஆனால் வீடு கூட்டும்போது நகர்த்த முடியாது. விழுந்தால் காலும் போகும், தரையும் போகும். நகர்த்தத் தேவையில்லாத மூலைக்கு மட்டும் இதைப் பாருங்கள்.

எங்கே வைப்பது?

பின்சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி வையுங்கள். மூலை ஆகவே ஆகாது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நீளவாக்கில் வைத்தால் இது முடியும். இரண்டு பெட்டிக்கும் இடையே எவ்வளவு தூரமோ ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில் உட்காருவது நல்லது. பெட்டியின் முகத்தைக் கேட்கிறவர் பக்கம் லேசாகத் திருப்புங்கள். ஒயரில் சிவப்பு, கறுப்பு முனைகள் இரண்டு பெட்டியிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் பேஸ் காணாமல் போகும். சரியாக இருந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவிலிருந்து வரும். ஒயரைச் சுவர் ஓரமாகக் கொண்டு போங்கள், கால் தட்டக்கூடாது. இரவில் பாய் விரிக்க இடம் வேண்டுமா? ஸ்டாண்டை அலுங்காமல் ஓரமாக நகர்த்திக்கொள்ளலாம்.

சோதித்துப் பாருங்கள்

'நல்லா இருக்கு' என்று சொல்வது சோதனை ஆகாது. செல்போனில் கட்டு, தட்டு, பட்டு மாதிரி இருபது சொற்களைப் பதிவு செய்துகொண்டேன். ஒரே வால்யூமில், முதலில் பீரோ மேலிருந்தும், பிறகு ஸ்டாண்டிலிருந்தும், வரிசையை மாற்றிப் போட்டேன். அப்பத்தா கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பீரோ மேலிருந்து போட்டபோது மூன்றையும் 'கட்டு' என்றே சொன்னார். ஸ்டாண்டிலிருந்து போட்டபோது பட்டு பட்டாகவும் தட்டு தட்டாகவும் வந்தன. சில சொற்கள் தவறத்தான் செய்தன. ஆனால் நடுவில் அவரே, "இதென்னய்யா பள்ளிக்கூடமா? நியூஸைப் போடு" என்றார். இப்போது செய்திக்கு வால்யூம் 28-லிருந்து 17-க்கு இறங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் நிம்மதி.

ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டாண்டு காது மெஷினுக்கு ஈடாகாது. அப்பத்தாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்ப் பரிசோதித்தோம். உயர்ந்த அதிர்வெண்ணில் குறை உண்டு என்றுதான் சொன்னார்கள். வீட்டில் வயதானவர்கள் திரும்பத் திரும்ப "என்ன?" என்று கேட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால் காதில் மிச்சம் இருப்பதை வீணாக்காமல் இருக்க நம்மால் முடியும். அதற்கு ஆகும் செலவு இரண்டு மூன்று சினிமா டிக்கெட்தான்.

நண்பர்களே! நம்மில் பலர் குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பாலிடெக்னிக் வாசலை மிதித்தவர்கள். "படிச்சு என்ன செய்யப் போறே?" என்ற கேள்வி நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. வேலை கிடைக்கும்போது அதற்குப் பதில் சொல்லலாம் என்று காத்திருக்க வேண்டாம். பட்டறையில் அறுத்த பலகையும், வகுப்பில் போட்ட கணக்கும் வீட்டு நடுக்கூடத்துக்கு வந்து நின்றால் அதுவே ஒரு பதில். புளூடூத் பெட்டியோ, டிவியோ, பழைய டேப் ரெக்கார்டரோ, உங்கள் வீட்டில் எது இருந்தாலும் சரி, இந்த விடுமுறையில் செய்து பாருங்கள். மரத்தில் கோடு போடுவதற்கு முன், டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, தரையிலிருந்து அவர் காது எத்தனை செ.மீ. என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் கழித்தல் கணக்குதான்.